குட்டி ரயிலில் ஷார்ட் எங்கே? பூஸ்டர் விழுந்தால் தேடும் முறை

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக் கொலுவில் பார்க்கைச் சுற்றி வருஷா வருஷம் ஹெச்ஓ அளவுக் குட்டி ரயில் ஓடும். போன நவராத்திரி இரண்டாம் நாள், வெற்றிலை பாக்கு வாங்க வந்தவர்கள் முன்னாலேயே நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கருவியான பூஸ்டரில் சிவப்பு விளக்கு. எங்கோ ஷார்ட் ஆகி, அது தானாகவே டிரிப் ஆகி விழுந்துவிட்டது. "சிக்னல் விழலையாப்பா?" என்று எதிர்வீட்டு மாமி கேட்டார். நான் பதில் சொல்லாமல் ரீசெட் பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருந்தேன்.

அதுதான் முதல் தப்பு. எஞ்சினுக்குத் தண்டவாளம் வழியாகவே கட்டளை போகும் டிஜிட்டல் லேஅவுட்டில் ரயில் நின்றாலும் ஓடினாலும் தண்டவாளத்தில் 15 வோல்ட் அளவில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். 5 ஆம்பியர் பூஸ்டர் என்றால் 75 வாட். நாம் சால்டர் வைக்கும் அயர்ன் 25 வாட்தான். அந்தச் சூடு முழுக்க ஒரே சக்கரத்தில் இறங்கினால் பிளாஸ்டிக் உருகும். ஒருமுறை டிரிப் ஆனால் அணைத்துவிட்டுத் தேடுங்கள்.

படி 1. எஞ்சின், விளக்கு வைத்த பெட்டி எல்லாவற்றையும் தூக்கிவிட்டு ஆன் செய்யுங்கள். பூஸ்டர் விழாமல் இருந்தால் கோளாறு வண்டியில். ஒவ்வொன்றாகத் திரும்ப வையுங்கள். எங்கள் வீட்டில் ஒரு எஞ்சினை வைத்தால் மட்டும் விழுந்தது. உள்ளே கட்டளையை வாங்கும் சின்ன சர்க்யூட்டான டீகோடர் போய்விட்டது என்று முடிவுகட்டி அதைப் பிரித்தே போட்டேன். கடைசியில் கவிழ்த்துப் பார்த்தால், கொலுப்படி வேஷ்டியில் குத்தியிருந்த குண்டூசி ஒன்று மோட்டார் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு, இரண்டு பக்கத்துச் சக்கரங்களையும் தொட்டபடி கிடக்கிறது! முதலில் கவிழ்த்துப் பாருங்கள், அப்புறம் ஸ்க்ரூடிரைவர்.

படி 2. காலித் தண்டவாளத்திலும் விழுகிறதா? பூஸ்டரிலிருந்து தண்டவாளத்துக்குப் போகும் இரண்டு வயரையும் கழற்றுங்கள். அப்போதும் சிவப்பு என்றால் பூஸ்டர் ரிப்பேருக்கு.

படி 3. இல்லையென்றால் டார்ச்சைத் தண்டவாள மட்டத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வயர் துணுக்கு, ஸ்க்ரூ, மறந்து வைத்த ஸ்பேனர் எல்லாம் கண்ணில் படும். ஜல்லிக்கு ஊற்றிய ஃபெவிகால் தண்ணீர் ஈரமாக இருந்தாலும் மின்சாரம் கசியும். ஒரு ராத்திரி காயட்டும்.

படி 4. கண்ணுக்குத் தெரியாவிட்டால் பாதிபாதியாகப் பிரிக்க வேண்டும். பவர் ஆஃப். மல்டிமீட்டரைப் பீப் சத்தத்தில் வைத்து, இரண்டு பஸ் வயரிலும் (லேஅவுட் முழுக்க ஓடும் முக்கிய வயர்கள்) முனைகளை வையுங்கள். பீப் அடிக்கும். லேஅவுட்டின் ஒரு பாதியைக் கழற்றுங்கள். சத்தம் நின்றால் ஷார்ட் அந்தப் பாதியில், நிற்காவிட்டால் மற்றதில். அதையும் பாதியாக்குங்கள். 16 பகுதி இருந்தாலும் நாலே சுற்றில் இடம் தெரிந்துவிடும்.

ஆரம்பத்தில் பலரும் வழுக்குவது இங்கேதான். பஸ்ஸிலிருந்து தண்டவாளத்துக்கு ஏறும் ஃபீடர் வயரைக் கழற்றினால் அந்தப் பகுதி தனியாகிவிட்டது என்று நினைக்கிறோம். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் உலோக ஜாயினர் வழியாகப் பக்கத்துத் தண்டவாளத்திலிருந்து தொடர்பு இருந்துகொண்டே இருக்கும். ஜாயினரையும் தள்ளி விலக்குங்கள்.

படி 5. மீட்டர் அமைதி, ஆனால் ரயில் போகும்போது மட்டும் விழுகிறது என்றால் பாதை பிரியும் இடமான பாயிண்ட்டைச் சந்தேகப்படுங்கள். அறை விளக்கை அணைத்து மெதுவாக ஓட்டினால் பொறி பறக்கும் இடம் தெரியும். மின்சாரம் பாயும் ஃபிராக் (உள் தண்டவாளங்கள் இரண்டும் V போலச் சேரும் இடம்) உள்ள பாயிண்ட்டில், எதிர்ப்பக்கம் திருப்பியிருக்கும்போது எஞ்சின் நுழைந்தாலே ஷார்ட்தான். பிளாஸ்டிக் ஃபிராக் என்றால், இரண்டு தண்டவாளமும் நெருங்கும் முனையில் அகலமான சக்கரம் இரண்டையும் தொட்டுவிடும். அந்த முனையில் நெயில் பாலிஷ் ஒரு பூச்சு போதும். குறிப்பிட்ட ஒரு பெட்டி மட்டும் தகராறு செய்தால் சக்கரங்களின் உள்பக்க இடைவெளியை அளங்கள். ஹெச்ஓவில் சுமார் 14.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

போன பாதை வளைந்து தன்னோடு தானே வந்து சேர்ந்தால், இடது தண்டவாளம் வலதை முட்டும். இதற்குக் கோளாறு தேடிப் பயனில்லை. அந்த வளையத்தின் இரு முனையிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டி, துருவத்தைத் தானாக மாற்றிவிடும் ஆட்டோ ரிவர்சர் போடுங்கள். வளையம் ரயிலைவிட நீளமாக இருக்கட்டும். வெட்டிய இடைவெளியில் பிளாஸ்டிக் துண்டு செருகாமல் விடாதீர்கள். பெங்களூரு மார்ச் வறட்சியில் பலகை சுருங்கி, இடைவெளி தானாகவே மூடிக்கொள்ளும்.

படி 6. எல்லாம் சரியானதும் ஐந்து ரூபாய்க் காசு ஒன்றைத் தண்டவாளத்தின் குறுக்கே வையுங்கள். பூஸ்டர் உடனே விழ வேண்டும். ஒவ்வொரு மீட்டர் தூரத்துக்கும் ஒரு இடமாகச் சோதித்து, உடனே காசை எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் குகைக்குப் பின்னால் விழவே இல்லை. காசு சுட்டதுதான் மிச்சம். அங்கே பஸ் வயராகப் போட்டிருந்தது மெல்லிய ஸ்பீக்கர் வயர். அதன் தடையால் ஷார்ட் ஆனது பூஸ்டருக்குத் தெரியவில்லை. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்பி ரோட்டில் 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று வாங்கி வந்து மாற்றினேன். சரஸ்வதி பூஜை அன்று காலையில் மறுபடி காசு வைத்தேன். டிக்கென்று விழுந்தது.