நேரத்தைத் திட்டமிடும் கிறிஸ்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து, புது வருடத்துக்கான வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையோடு வீடு திரும்பியதும் நம்மில் பலர் புது டைரியைத் திறப்போம். வேதவாசிப்பு, ஜெபம், வாக்கிங், சேமிப்பு என்று வரிசையாக எழுதுவோம். நல்ல ஆசைதான். நாட்களை எண்ணும் அறிவைத் தாரும் என்று மோசே கேட்ட 90-ஆம் சங்கீதத்தைப் படித்த பிறகு, திட்டமிடுவது விசுவாசக் குறைவு என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஆண்டவருக்காகப் போட்ட திட்டமே கொஞ்ச நாளில் ஆண்டவர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

வேதவாசிப்பையே பாருங்கள். 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். 365 நாளுக்குப் பிரித்தால் தினம் மூன்றுக்குச் சற்று மேலே வரும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. ஆக ஜனவரி கடைசியில் லேவியராகமத்துக்குள் நுழைவோம். கொழுப்பு, குண்டிக்காய், பலிபீடம் என்று பலிமுறைகளாகவே போகிற அந்த அதிகாரங்களில்தான் வேகம் குறையும். நடுவில் காய்ச்சல் வந்து பத்து நாள் விட்டுப்போனால் 33 அதிகாரம் பாக்கி. வட்டிக்கடன் மாதிரி அது மனதை அழுத்தும். சிலர் ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் ஓட்டிவிடுவார்கள். பலர் அதோடு மூடிவைத்துவிடுவார்கள். இரண்டும் வேண்டாம். விட்டது போகட்டும், இன்றைய தேதிக்கு உள்ளதைப் படியுங்கள். வேதாகம ஆப்பில் தொடர்ந்து படித்த நாட்களின் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்தாலும் உங்கள் மேல் தேவனுக்குள்ள அன்பு குறைந்துவிடாது.

இது இந்தக் காலத்துப் பிரச்சினை மட்டுமல்ல. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துப் போதகர் ராபர்ட் மர்ரே மக்ஷெய்ன், 1842 கடைசியில் தன் சபையாருக்கு ஒரு வாசிப்பு அட்டவணை தயாரித்தார். ஒரு வருடத்தில் பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறை முடியும். இன்றும் பலர் பின்பற்றும் அட்டவணை அது. அதைக் கொடுத்தபோதே அதிலுள்ள ஆபத்துகளையும் எழுதிக் கொடுத்தார்: வெறும் சடங்காகிவிடலாம், நானே நீதிமான் என்கிற சுயநீதி வரலாம், கவனமில்லாமல் படிக்கலாம், சுமக்க முடியாத நுகமாகலாம். சில மாதங்களில், 29 வயதில், அவர் இறந்துபோனார். தான் நேசித்த ஜனங்களுக்குத் திட்டத்தையும் எச்சரிக்கையையும் ஒன்றாகவே கொடுத்தாரே, அந்தப் போதகரின் மனசு எனக்கு மிகவும் பிடிக்கும்.

எனக்கு உறைத்தது என் ஜெபக் குறிப்பில்தான். கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. இடப்பக்கம் பெயர்கள், எதிரே தேதிக் கட்டங்கள். சபையில் ஒரு அண்ணனுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன். அவர் பெயருக்கு நேராக நீல மையில் 14 டிக் அடித்திருந்தேன். பதினைந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, கைத்தடியோடு படியேறி வந்தவரைப் பார்த்ததும் "எப்படிண்ணே இருக்கீங்க?" என்றேன். "ஒரு போன் பண்ணியிருக்கலாமேப்பா" என்றார், அவ்வளவுதான். பதினான்கு நாள் அவர் பெயரைத் தேவனிடம் சொன்னேன், அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து டிக் அடிப்பதில்லை. பெயருக்குப் பக்கத்தில், அவருக்கு இந்த வாரம் செய்யப்போவதை ஒரு வரியில் எழுதுகிறேன்: கஞ்சி கொண்டுபோக வேண்டும், பேங்க் வேலைக்குக் கூடப் போக வேண்டும், சும்மா போய் உட்கார வேண்டும்.

அப்புறம் அதிகாலை விஷயம். இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்தார் என்று மாற்கு 1:35-ஐக் காட்டி, நாலு மணிக்கு எழாதவர்களைக் குறைவாகப் பார்க்கிறோம். கைக்குழந்தை வைத்திருக்கும் தாயும் நைட் ஷிப்ட் முடிந்து வருபவரும் அந்த நேரத்தை எங்கே தேடுவார்கள்? அவரவருக்குக் கிடைக்கிற நேரம் போதும். அந்தப் பகுதியை மூன்று வசனம் தள்ளியும் படியுங்கள். கப்பர்நகூமில் எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று சீமோன் வந்து சொல்கிறார். இயேசுவோ, அடுத்த ஊர்களுக்குப் போவோம், அதற்காகவே வந்தேன் என்கிறார். தேடியவர்களின் தேவை உண்மையானதுதான். ஆனாலும் ஜெபித்துவிட்டு வந்தவருக்கு எதை விட வேண்டும் என்று தெரிந்திருந்தது. நாம் ஜெபித்து எழுந்து, பட்டியலில் இன்னும் இரண்டு வேலையைச் சேர்க்கிறோம்.

அதே இயேசு, சாகக் கிடக்கும் யவீருவின் மகளைப் பார்க்கப் போகிற அவசரத்திலும், பன்னிரண்டு வருடம் பெரும்பாட்டால், அதாவது தீராத உதிரப்போக்கால், அவதிப்பட்ட பெண்ணுக்காக வழியில் நின்றார். கால் மணி நேரக் கட்டங்களாக நாளை நிரப்பி வைத்திருப்பவரால் அப்படி நிற்க முடியாது. கதவைத் தட்டுகிற பக்கத்து வீட்டு அக்கா தொந்தரவாகத் தெரிவார்.

ஊழியத்தையே அளவுக்கு மீறி நிரப்புவதும் தவறுதான். வாலிபர் கூட்டம், பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, கமிட்டி என்று ஒருவரே எல்லாவற்றையும் சுமந்தால், வீட்டில் சிடுசிடுப்புதான் மிஞ்சும். மாமனார் எத்திரோ மோசேயைத் திருத்தியது இதற்காகத்தான்: ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது, பத்து பேருக்கும் தலைவர்களை வைத்து வேலையைப் பிரித்துக் கொடு என்றார்.

ஞாயிறு சாயங்காலம் டீ குடித்தபடி பத்து நிமிடம் வரும் வாரத்தைப் பார்ப்பது இப்போது என் வழக்கம். விடவேண்டிய ஒன்றைத்தான் முதலில் எழுதுகிறேன். புதன், வெள்ளி மாலைகளில் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றும் எழுதாமல் விடுகிறேன். போன புதன் அந்த நேரத்தில் கைத்தடி அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். தோசை சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணி வரை பேசிக்கொண்டிருந்தார்.