கடல் கடந்த உறவைப் பேசும்போது நேரும் பிழைகள்

சென்னையில் தென்கிழக்கு ஆசியாவைப் பற்றிய கூட்டம் எதற்குச் சென்றாலும், பேச்சின் முதல் கால் மணி நேரம் கடாரம் வென்ற பெருமையிலேயே கழிந்துவிடுகிறது. 1025-இல் முதலாம் இராசேந்திரனின் கப்பற்படை, சுமத்ராவை மையமாகக் கொண்ட கடல்வணிக அரசான ஸ்ரீவிஜயத்தின் துறைமுகங்களை, கடாரம் உட்பட, தாக்கியது உண்மைதான். ஆனால் அதைக் கொண்டு அந்நாடுகளைச் சோழர் ஆண்டனர் என்று எழுதுவதே எல்லாவற்றிலும் பரவலான பிழை. அங்கே நிலையான சோழ ஆட்சி அமைந்ததற்குச் சான்று இல்லை. அப்படையெடுப்புக்கு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன்புதான், அதே ஸ்ரீவிஜய அரச மரபினர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை வழங்கியிருந்தான். வாளைவிட வணிகமே அங்கு நெடுங்காலம் நின்றது என்பதற்குக் கல்லே சாட்சி: தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளத்தை மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரின் காவலில் வைக்கிறது, சுமத்ராவின் பாரூஸில் உள்ள 1088-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஐந்நூற்றுவர் வணிகக் குழுவைக் குறிப்பிடுகிறது. இவற்றை விட்டுவிட்டுப் படையெடுப்பை மட்டும் முழங்கினால், கோலாலம்பூரிலிருந்தோ ஜகார்த்தாவிலிருந்தோ வந்து அவையில் அமர்ந்திருப்பவருக்கு அது எப்படிக் கேட்கும் என்பதை நம் பேச்சாளர்கள் ஏனோ எண்ணிப் பார்ப்பதில்லை.

தென்கிழக்கு ஆசியா முழுவதையும் ஒரே நாடுபோல் கருதுவது அடுத்த பிழை. தமிழின் நிலையை மட்டும் பார்த்தாலே வேறுபாடு புலப்படும். சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. மலேசியாவில் அது ஆட்சிமொழி அன்று, ஆனால் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. மியான்மரிலோ, 1962-இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்துத் தொழில்களை நாட்டுடைமையாக்கிய பின் தமிழர் பெருந்திரளாக வெளியேற நேர்ந்தது. சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பர்மா பஜார் அவ்வாறு திரும்பியவர்களால் உருவானதே.

வணிகர்கள் செய்யும் பிழை வேறு வகையானது. தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுடன் இந்தியா செய்துகொண்ட சரக்கு வர்த்தக ஒப்பந்தம் 2009-இல் கையெழுத்தாகி 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது என்பதால், அங்கிருந்து வரும் எதற்கும் சுங்கவரி இராது என்று சிறு இறக்குமதியாளர் பலர் நம்பிவிடுகிறார்கள். வரிச்சலுகையிலிருந்து விலக்கி வைக்கப்பட்ட பொருள்களின் பட்டியலில் உள்ளவற்றுக்குச் சலுகையே கிடையாது. சலுகைக்கு உரிய பொருளாயினும், அது உறுப்பு நாட்டிலேயே உருவானது என்பதற்கான சான்றிதழ் வேண்டும். வெளிநாட்டு மூலப்பொருள் கலந்திருந்தால், மதிப்பில் குறைந்தது 35 விழுக்காடு ஒப்பந்த நாடுகளுக்குள் சேர்ந்திருப்பதோடு, பொருளின் சுங்க வகைப்பாடும் (சுங்க அட்டவணையில் அதற்குரிய குறியீட்டு எண்) மாறியிருக்க வேண்டும் என்பது பொது விதி. சீனாவில் செய்யப்பட்டுச் சிங்கப்பூர் வழியாகக் கப்பலேறிய பொருள் சிங்கப்பூர்ப் பொருள் ஆகிவிடாது. மேலும், 2020 முதல் நடப்பிலுள்ள சுங்க விதிகளின்படி, சான்றிதழைக் காட்டுவதோடு இறக்குமதியாளரின் கடமை முடிவதில்லை. பொருள் எங்கே, எவ்வாறு உருவானது என்ற விவரங்களையும் அவரே வைத்திருக்க வேண்டும்.

பொருளாதாரத்தை அரசியலிலிருந்து பிரித்துப் படிப்பதே ஆய்வு மாணவர்களிடம் நான் மிகுதியாகக் காணும் குறை. நம் ரேஷன் கடைகளில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலையே எடுத்துக்கொள்ளலாம். 2022-இல் உள்நாட்டில் சமையல் எண்ணெய் விலை ஏறியதால் மக்களின் சினத்துக்கு ஆளான இந்தோனேசிய அரசு, ஏப்ரல் 28 அன்று பாமாயில் ஏற்றுமதிக்குத் தடை விதித்து, மே 23 அன்று விலக்கிக்கொண்டது. அதற்கு முன், 2019 செப்டம்பரில் ஐ.நா. அவையில் காஷ்மீரைப் பற்றி மலேசியப் பிரதமர் மகாதீர் பேசியது இந்தியாவைச் சினமூட்டியது. 2020 ஜனவரியில் சுத்திகரிக்கப்பட்ட பாமாயில் இறக்குமதிக்கு இந்தியா கட்டுப்பாடு விதித்தது. அரசாணையில் மலேசியாவின் பெயர் இல்லை. அரசாணையையும் விலைப்பட்டியலையும் மட்டும் வைத்துக்கொண்டு அவ்வாண்டின் தொடக்கத்தில் மலேசிய எண்ணெய் வரத்து ஏன் சரிந்தது என்று எழுத முயலும் மாணவர், அந்த ஐ.நா. உரையைத் தொடாமலேயே கட்டுரையை முடித்துவிடுகிறார்.