திமிலைப் பார், அப்புறம் இறக்கை முனையைப் பார்: ஜம்போ ஜெட்டை அடையாளம் காண

பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு மாலைப்பொழுதை ஜம்போ ஜெட் எனப்படும் போயிங் 747-க்கு ஒதுக்கச் சொல்வேன். 1969 பிப்ரவரி 9 அன்று முதன்முதலாகப் பறந்த விமானம் இது. மொத்தம் 1574 செய்தார்கள். கடைசி விமானம் 2023 ஜனவரியில் அட்லஸ் ஏர் நிறுவனத்துக்குப் போனது, அதுவும் சரக்கு விமானமாக. இனி புதிதாக ஒன்று வராது. அதனால் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

முதலில் திமில். காளைக்கு இருப்பதுபோல் முன்பக்கம் மட்டும் உயர்ந்திருக்கும். அது அழகுக்காக வைத்ததல்ல. வருங்காலத்தில் பயணிகள் ஒலியை மிஞ்சும் விமானங்களுக்கு மாறிவிடுவார்கள், இது சரக்கு ஏற்றத்தான் மிஞ்சும் என்று அன்று நினைத்தார்கள். மூக்கையே கதவாகத் திறந்து சரக்கு ஏற்ற வேண்டுமானால் விமானி அறை வழியில் நிற்கக் கூடாது. அதனால் இதை வடிவமைத்த பொறியாளர் ஜோ சட்டரின் குழு அதை மேலே தூக்கி வைத்தது. திமில் நீளமாக இருந்து அதில் ஜன்னல் வரிசையும் தெரிந்தால் பயணிகள் விமானம். குட்டையாக இருந்தால் இன்று பெரும்பாலும் சரக்கு விமானம். நீளத் திமில் இருந்தும் கீழே ஜன்னல்கள் அடைபட்டிருந்தால், பயணிகளைச் சுமந்து ஓய்ந்தபின் சரக்குக்கு மாற்றியது.

அடுத்தது இறக்கை முனை. அங்கே சிறு தகடு மேல்நோக்கி நிமிர்ந்திருந்தால் 747-400 என்ற வகை. தகடு இல்லாமல் முனை பின்னோக்கிச் சரிந்து கூர்மையாக முடிந்தால் கடைசி வகையான 747-8. சந்தேகம் தீரவில்லையா? எஞ்சினின் பின் விளிம்பைப் பாருங்கள், 8-இல் ரம்பப் பல் போல் வெட்டியிருக்கும். ஜெர்மன் விமான நிறுவனமான லுஃப்தான்சாவிடம் இரண்டும் இருந்தன. வால்பக்கம் எழுதியிருக்கும் பதிவு எழுத்துகளில் கடைசிக்கு முந்தியது வி என்றால் 400, ஒய் என்றால் 8.

பார்க்க நல்ல இடம் ஏ5 நெடுஞ்சாலையை ஒட்டிய செப்பலின்ஹைம் மேடை. மேற்குக் காற்று அடிக்கும் நாளில் போங்கள். சாலைக்கு மேலே தாழ்ந்து வந்து இறங்கும். முதல் விமானத்துக்குப் படம் எடுக்காதீர்கள், பதினெட்டுச் சக்கரமும் தரையைத் தொடுவதைக் கண்ணால் பாருங்கள்.

நான் 1996-இல் பம்பாயிலிருந்து வந்து இறங்கியது ஏர் இந்தியா ஜம்போவில்தான். அந்த நிறுவனத்தின் ஆக்ரா என்ற 747, 2024 ஏப்ரல் 22 அன்று மும்பையிலிருந்து கிளம்பியதும் இறக்கையை ஆட்டி விடைபெற்று அமெரிக்காவுக்குப் போனது. அந்தக் காணொளியை இரண்டு தடவை பார்த்தேன், மூன்றாவது தடவை முடியவில்லை.

தொட்டுப் பார்க்க ஆசையென்றால் ஷ்பையர் தொழில்நுட்ப அருங்காட்சியகம் போங்கள். லுஃப்தான்சாவின் பழைய 747-200 ஒன்றைச் சுமார் 20 மீட்டர் உயரத்தில் தூணில் நிறுத்தியிருக்கிறார்கள். படியேறி உள்ளே போய், கதவு வழியாக இறக்கைமேலேயே நடக்கலாம். வழுக்காத செருப்பு போட்டுக்கொண்டு, காலையிலேயே போய்விடுங்கள்.