உடல் பருமன் சிகிச்சை: உணவில், ஊசியில், ஆபரேஷனில் நடக்கும் தவறுகள்

"எத்தனை மாசம் எடுத்துக்கணும்?" எடை குறைக்கும் ஊசியைப் பற்றிப் பேச்செடுத்ததும் வருகிற முதல் கேள்வி இது. இதிலேயே பாதித் தவறு ஒளிந்திருக்கிறது. சளிக்கு ஐந்து நாள் மாத்திரை மாதிரி, பருமனுக்கும் ஒரு கோர்ஸ் இருப்பதாக நினைக்கிறோம். ஆனால் உடல் அப்படி நினைப்பதில்லை. எடை இறங்கியதும் அது பஞ்சம் வந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் ஏறுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்குகிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் கலோரியும் குறைகிறது. எடை குறைந்து ஒரு வருடம் ஆன பிறகும் இந்த மாற்றங்கள் அப்படியே இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எடை திரும்ப ஏறினால் "வாயைக் கட்டத் தெரியல" என்று ஆளைத் திட்டுவது அதனால்தான் நியாயமில்லை.

அளப்பதிலேயே தவறு

165 செ.மீ. உயரம், 72 கிலோ எடை என்றால் பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 26.4. உலகப் பொது அளவில் இது 'கொஞ்சம் கூடுதல்' மட்டுமே. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை, 25-ஐத் தாண்டினால் பருமன். அதே எடையில் நமக்கு வயிற்றுக் கொழுப்பு அதிகம், சுகரும் சீக்கிரம் வருகிறது என்பது காரணம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.-க்குள் இருக்க வேண்டும். பேன்ட் சைஸைச் சொல்லித் தப்பிக்க முடியாது. பேன்ட் தொப்பைக்குக் கீழே இறங்கித்தான் நிற்கிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்ட நிலையில் டேப் வைத்து அளக்க வேண்டும்.

சாப்பிடுகிற மாத்திரைகளையும் முதலிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். கிளிமிபிரைட், பயோகிளிட்டசோன், இன்சுலின், ஸ்டீராய்டு, ஒலான்சபின், வால்ப்ரோயேட், அமிட்ரிப்டிலின் ஆகியவை எடையை ஏற்றக்கூடியவை. நீங்களாக நிறுத்தக் கூடாது; மாற்று உண்டா என்று எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்கலாம். தைராய்டு குறைவால் ஏறுவது பெரும்பாலும் சில கிலோதான். 20 கிலோவுக்கும் தைராய்டைக் குற்றம் சொல்வதும், எடை குறைய வேண்டி தைராக்ஸினைக் கூட்டிப் போடுவதும் தவறு. இரண்டாவது தவறு இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

சோற்றை விட்டு எண்ணெயைப் பிடித்தால்

இரவுச் சோற்றை நிறுத்திவிட்டு மூன்று சப்பாத்தி சாப்பிடுவது நம் ஊரின் தேசிய டயட். ஒரு கப் சோறு சுமார் 200 கலோரி. எண்ணெய் தடவிச் சுட்ட மூன்று சப்பாத்தி அதைச் சாதாரணமாகத் தாண்டும். சிறுதானியங்களும் அப்படித்தான். நார்ச்சத்து அதிகம், சர்க்கரை ஏறும் வேகம் குறையலாம், ஆனால் எடைக்கு எடை பார்த்தால் கலோரி அரிசிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. தினைப் பொங்கலில் நெய் மிதந்தால் தினை என்ன செய்யும்?

யாரும் அளக்காதது எண்ணெய். வீட்டில் நான்கு பேர், மாதம் 5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 மி.லி.க்கு மேல், கிட்டத்தட்ட 340 கலோரி. பாட்டிலிலிருந்து நேராக வாணலியில் ஊற்றாமல், மாதத் தொடக்கத்தில் ஆளுக்கு அரை லிட்டர் கணக்கில் தனியாக எடுத்து வைத்துவிட்டு அதற்குள் சமைத்துப் பாருங்கள். 20-ஆம் தேதி காலியானால் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும்.

குறைக்கக் கூடாதது புரதம். நான்கு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டு வைத்த சாம்பாரில் ஆளுக்கு 5 கிராம் சொச்சம்தான் கிடைக்கும். சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது தேவை. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கப் வேகவைத்த கொண்டைக்கடலையில் 14, 100 கிராம் பனீரில் 18 என்று கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

வாக்கிங்கைப் பற்றிச் சுருக்கமாக: அரை மணி நேர நடையில் செலவாவது 120 முதல் 150 கலோரி. திரும்பும் வழியில் ஒரு வடையும் சர்க்கரை போட்ட காபியும் அதை விழுங்கிவிடும். நடை இதயத்துக்கும் சுகருக்கும் நல்லது, குறைந்த எடையைத் தக்கவைக்கவும் உதவும். தசை கரையாமல் இருக்க வாரம் இரண்டு நாளாவது எடை தூக்கும் பயிற்சியோ நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியோ வேண்டும்.

ஊசி

டிர்செபடைடும் எடைக் குறைப்புக்கான செமக்ளூடைடும் 2025-ல் இந்தியச் சந்தைக்கு வந்தன. இரண்டும் வாரம் ஒருமுறை போடுபவை. செமக்ளூடைடு 0.25 மி.கி.யில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை 0.5, 1, 1.7, 2.4 என்று ஏறும். டிர்செபடைடு 2.5-இல் தொடங்கி, அதே இடைவெளியில் 2.5 மி.கி. வீதம் தேவைப்பட்ட அளவுக்கு, அதிகபட்சம் 15 வரை போகும். ஆரம்ப அளவு எடை குறைப்பதற்காக அல்ல, வயிறு பழகுவதற்காக. முதல் மாதத்தில் எடை மெஷின் முள் இறங்கவில்லையே என்று பெரிய அளவுக்குத் தாவினால் குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், நீர்ச்சத்து இழப்பு என்று வரிசையாக வரும். இரண்டு மூன்று வாரம் விட்டுப்போன பிறகு பழைய பெரிய அளவிலேயே தொடர்வதும் இதே தாவல்தான்.

இந்த ஊசி போடுபவர்கள் வழக்கமாகத் தவற விடுவது சில உண்டு. கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவர் அதன் அளவைக் குறைக்காமல் ஊசியைத் தொடங்கினால் சுகர் திடீரென்று தாழும். நீண்ட நாள் சுகர் உள்ளவர் விழித்திரைப் பரிசோதனை செய்யாமல் தொடங்கக் கூடாது. சுகர் வேகமாகக் குறையும்போது விழித்திரைப் பாதிப்பு மோசமாகலாம். வீட்டில் யாருக்காவது மெடுல்லரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்ததா, உங்களுக்குக் கணைய அழற்சி வந்திருக்கிறதா என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் செமக்ளூடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு தொடங்கும்போதும் அளவு கூட்டும்போதும் நான்கு வாரத்துக்குக் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது. வேறு ஏதாவது ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் ஊசி விஷயத்தை மறைக்காதீர்கள். இரைப்பை மெதுவாகக் காலியாவதால் பட்டினி இருந்தும் உள்ளே உணவு தங்கி, மயக்கத்தில் நுரையீரலுக்குள் போகலாம். ஊசி மருந்துப் பேனாவை ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். ஃப்ரீஸரில் உறைந்தால் அது குப்பைக்குத்தான்.

பசியே இல்லை என்று இரண்டு இட்லியோடு நாளை ஓட்டுவது இன்னொன்று. இறங்கும் எடையில் கணிசமான பங்கு தசை. தட்டில் முதல் வாய் புரதமாக இருக்கட்டும்.

பிறகு, நிறுத்துவது. செமக்ளூடைடு ஆய்வு ஒன்றில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. ஊசியை நிறுத்திய ஒரே வருடத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்தது. கல்யாணத்துக்கு முன் ஆறு மாதம் போட்டு விட்டுவிடலாம் என்பவர்கள் அந்தப் பணத்தைச் சேமிக்கலாம். தொடங்கும் முன் கேட்க வேண்டியது, மாதச் செலவை வருடக் கணக்கில் தாங்க முடியுமா என்பதை.

ஆபரேஷன்

முதல் குழப்பம் லைப்போசக்‌ஷன். அது தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பை உறிஞ்சி உருவத்தைச் செதுக்கும் சிகிச்சை. பருமனுக்கோ சுகருக்கோ மருந்தாகாது.

எடைக் குறைப்பு ஆபரேஷன்களில் ஒன்றான ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. இன்னொன்றான பைபாஸில் (இதயத்துக்கு அல்ல, இரைப்பைக்குச் செய்வது) சுமார் 30 மி.லி. கொள்ளும் சிறு பை மட்டும் பிரிக்கப்பட்டு, குடலோடு நேராக இணைக்கப்படுகிறது. கடுமையான நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு ஸ்லீவ் அதை இன்னும் கூட்டலாம். விலைப்பட்டியலைப் பார்த்து முடிவு செய்யாமல் எண்டோஸ்கோபியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வார டயட்டைக் கள்ளத்தனமாக மீறுபவர்கள் அதிகம். "இனிமேல் சாப்பிட முடியாதே" என்று பிரியாணியோடு பிரியாவிடை நடக்கிறது. அந்த டயட் கொழுத்த கல்லீரலைச் சுருக்குவதற்காக. அதன் இடது பகுதி இரைப்பையை மூடிக்கொண்டிருக்கிறது. பெரிதாக இருந்தால் சிறு துளை வழியாக லேப்ராஸ்கோப்பில் தூக்கி வேலை செய்வது சிரமம், ரத்தக்கசிவும் வரும்.

வீடு திரும்பியவருக்குக் காய்ச்சல், நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டும் நாடித்துடிப்பு, இடது தோள் வலி, மூச்சு வாங்குதல் இருந்தால் வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. தையல் கசிந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

திரவத்தில் தொடங்கி, மசித்தது, மென்மையானது என்று சாதாரண உணவுக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. அரை மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். சின்ன வயிறு இட்லியைத் தடுக்கும், பாயசத்தைத் தடுக்காது. ஆபரேஷனுக்குப் பிறகும் எடை ஏறுபவர்களின் டம்ளரைப் பார்த்தால் பல சமயம் காரணம் தெரியும்.

சத்து மாத்திரைகளை இரண்டாம் வருடம் நிறுத்துவது மிகப் பரவலான தவறு. பி12 கல்லீரலில் வருடக்கணக்கில் சேமிப்பில் இருப்பதால் முதலில் ஒன்றும் தெரியாது. கால் மரத்துப்போகும்போது தாமதமாகியிருக்கும். இரும்புச்சத்தும் கால்சியமும் இரண்டு மணி நேர இடைவெளியில் போக வேண்டும், இரும்புச்சத்து காபியோடு போகக் கூடாது. பைபாஸ் செய்தவர் மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டால் இணைப்பில் புண் வரும்; பாராசிட்டமால்தான் அவருக்கு. எடை குறைந்ததும் மாதவிடாய் சீராகி எதிர்பாராமல் கர்ப்பம் தரிப்பதும் உண்டு, 12 முதல் 18 மாதம் தள்ளிப்போடுவது நல்லது. பிறகு கர்ப்பமானால், சுகர் பார்க்க இங்கே எல்லாருக்கும் கொடுக்கும் 75 கிராம் குளுக்கோஸ் தண்ணீரை பைபாஸ் செய்தவர் குடிக்கும் முன் ஆபரேஷன் விவரத்தைச் சொல்ல வேண்டும். இனிப்பு குடலுக்குள் மொத்தமாக இறங்கி மயக்கம், படபடப்பு வரும். அதற்குப் பதில் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்க்கச் சொல்வார்கள்.

வாந்தி மட்டும் காத்திருக்காது. சில நாட்கள் தொடர்ந்து வாந்தி எடுத்தால் பி1 தீர்ந்துவிடும். அதன் கையிருப்பு உடலில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இல்லை. பக்கத்து கிளினிக்கில் சோர்வுக்கு குளுக்கோஸ் டிரிப் ஏற்றினால், மிச்சமிருக்கும் பி1-ம் அதைச் செரிக்கச் செலவாகி, பார்வை இரட்டையாகி, நடை தள்ளாடி, குழப்பத்தில் போய் நிற்கும். குளுக்கோஸுக்கு முன் தயமின் (பி1) ஊசி போட வேண்டும். எந்த ஆபரேஷன், எந்தத் தேதி, இந்த ஒரு வரி: மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி, ஆதார் அட்டையின் பின்னாலேயே செருகி வைத்துக்கொள்ளுங்கள்.