ராயபுரத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை: கரையோரமாக நடக்க ஒரு வழிகாட்டி

வடசென்னையின் கரையை நடந்து பார்க்க விரும்புகிறவர்கள் தெற்கிலிருந்து வடக்காகவே நடக்க வேண்டும் என்று வலியுறுத்துவேன். கடலை ஒட்டிய ஓரத்தில் வடக்கு நோக்கி நடந்தால் அந்தப் பக்கம் வரும் வண்டிகள் கண்ணுக்கு நேராகத் தெரியும். கன்டெய்னர் லாரிகள் ஓயாத எண்ணூர் விரைவுச் சாலையில் இது சிறிய பாதுகாப்பு அல்ல. மேலும், மெரினாவில் கொட்டிக்கிடக்கும் மணல் இங்கே ஏன் இல்லை என்பதும் அந்த வரிசையில் நடந்தால்தான் விளங்கும்.

மொத்த வழியையும் ஒரே நாளில் நடக்க முயல வேண்டாம். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை சுமார் ஏழு கிலோமீட்டர் ஒரு காலை. எண்ணூர் முகத்துவாரம் இன்னொரு காலை. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். விடியுமுன் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். வழியில் நிழல் மிகக் குறைவு என்பதால் தொப்பியும் ஒன்றரை லிட்டர் தண்ணீரும் அவசியம்.

தொடங்க ஏற்ற இடம் ராயபுரத்தின் ராபின்சன் பூங்கா, இன்றைய பெயரில் அறிஞர் அண்ணா பூங்கா. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்த இடம் இது. அங்கிருந்து, 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையத்தைப் பார்த்துவிட்டுக் கடல் பக்கம் திரும்பினால் காசிமேடு வந்துவிடும்.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் நள்ளிரவு தாண்டியதுமே தொடங்கிவிடுவதால், நீங்கள் போகும் நேரத்தில் பெரிய மீன்கள் கைமாறியிருக்கும். கூடைக்காரப் பெண்களின் சில்லறை விற்பனைதான் மும்முரமாக இருக்கும். தரை முழுக்க ஐஸ் கரைந்த நீரும் செதிலும் கிடப்பதால் பிடிமானமுள்ள செருப்பு வேண்டும். ஐஸ் பெட்டி தூக்கி வருகிறவருக்கு உடனே வழிவிட வேண்டும், “அக்கா, ஒரு படம் எடுத்துக்கலாமா?” என்று கேட்காமல் யாரையும் படமெடுக்கக் கூடாது. அது அவர்கள் வேலை செய்யும் இடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் நெருக்கியடித்துக் கட்டப்பட்டிருக்கும். வலை பின்னுவதையும் படகுக்கு வண்ணம் பூசுவதையும் நிதானமாகப் பார்க்க அதுவே தக்க சமயம். ஆனால் வெயில் கடுமையாக இருக்கும்.

காசிமேட்டைத் தாண்டியதும் வலப்புறம், கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல் தொடங்குகிறது. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மோதுவதால், மணல் கரையை ஒட்டியே தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டிருக்கும். 1876-இல் பணி தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே நீண்டபோது, வந்த மணல் தென்புறம் தங்கி மெரினாவை அகலமாக்கியது. வடபுறத்துக்கு வரவேண்டிய மணல் வராமல் போனதால், கடல் கரையை அரித்து உள்ளே வந்தது. குப்பத்துப் பெரியவர்களிடம் பழைய தெரு எங்கே இருந்தது என்று கேட்டால் தண்ணீரைத்தான் கைகாட்டுவார்கள். மெரினாவின் அகலத்தை நாம் கொண்டாடும்போது இவர்கள் இழந்ததையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் வரிசைகளுக்குத் தூண்டில் வளைவு என்று பெயர். அவற்றின் இடையே கொஞ்சம் மணல் தங்கியிருப்பதையும், அந்தச் சிறு மணல் துண்டில்தான் ஃபைபர் படகுகள் ஏற்றி வைக்கப்பட்டிருப்பதையும் கவனியுங்கள். கற்களின் மேல் ஏற வேண்டாம். அலை படும் கல்லில் படிந்திருக்கும் பச்சைப் பாசி, காய்ந்ததுபோல் தெரிந்தாலும் வழுக்கும். ஒருமுறை அதை நம்பிக் கால் வைத்து முழங்காலில் நன்றாக அடிபட்டுக்கொண்டேன்.

முதல் நாள் நடையைத் திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதிக் கோயிலில் முடிக்கலாம். கையிலிருந்த கசப்பான பேய்க்கரும்பு இனித்த இடம் இதுவே என்று அவர் தங்கிவிட்டதாக ஐதிகம். தியாகராஜர் கோயிலையும் பார்த்துவிட்டு மெட்ரோவில் திரும்பலாம்.

இரண்டாம் நாள், கும்மிடிப்பூண்டி மார்க்கப் புறநகர் ரயிலில் எண்ணூரில் இறங்கி, குப்பங்களின் வழியே முகத்துவாரத்துக்கு நடக்க வேண்டும். பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டி வரும் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் இது. கடலின் வற்றத்தில், அதாவது நீர் வடிந்திருக்கும் நேரத்தில் வந்தால்தான் சேற்றுத் திட்டுகள் வெளியே தெரியும்; கொக்கும் உப்புக்கொத்தியும் இரை தேடுவது அங்கேதான். பாலத் தூண்களைப் பாருங்கள்: சிப்பி ஒட்டிய கோடு நீர்மட்டத்துக்கு மேலே ஒரு முழம் தெரிந்தால் வற்றம். இடுப்பளவு நீரில் குனிந்து, கையால் தடவியே இறால் பிடிக்கிறவர்களை அப்போது காணலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பரவிய எண்ணெய் இவர்களின் படகையும் வலையையும் நாசமாக்கியது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆறு ஆழம் குறைந்த துயரம் அதற்கு முன்பிருந்தே இருக்கிறது. அவர்களிடம் வாங்க இறால் கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

முகத்துவாரத்தில் ஏற்றமும் வற்றமும் மாறும் நேரத்தில் இழுவை பலமாக இருக்கும் என்பதால், முழங்கால் நீரில்கூட இறங்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில்கள் குறைவு; திரும்பும் ரயிலின் நேரத்தை எண்ணூர் நிலையத்தில் இறங்கியவுடனேயே குறித்துக்கொண்டு நடக்கத் தொடங்குங்கள்.