பாப்பா கையில் பூசணித் துண்டு: தானே சாப்பிடப் பழக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

ஆறு மாதம் முடிந்த மறுநாள், வேகவைத்த மஞ்சள் பூசணியில் ஒரு துண்டை எடுத்து என் மகள் கையில் கொடுத்தேன். வாயில் வைத்தாள், சப்பினாள், கொஞ்சம் உள்ளே போனது. அடுத்த நொடி முகம் சிவந்து, கண்ணில் நீர் கோத்து, 'ஓவ்' என்று குமட்டினாள். பக்கத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த ஆயா, எங்கள் வீட்டுப் பாட்டி, பாய்ந்து வந்து அவள் வாய்க்குள் விரலை விட்டுவிட்டார். "இன்னாம்மா நீ, பல்லுகூட மொளைக்கல, கொழந்த கைல துண்டு துண்டா குடுத்துகினு கீற!" துண்டை பாப்பாவே நாக்கால் முன்னுக்குத் தள்ளி, மடியில் துப்பியிருந்தாள். அவள் வீறிட்டு அழுதது துண்டுக்காக இல்லை, மீன் நாற்றம் அடித்த அந்த விரலுக்காக.

அன்று ஆயா செய்த அந்த ஒரு காரியம்தான் நான் முதலில் சொல்ல வேண்டிய தவறு. ஆனால் தவறு ஆயாவுடையது இல்லை, என்னுடையது. வீட்டில் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஆரம்பித்தது நான்தானே.

குமட்டல் வேறு, மூச்சடைப்பு வேறு. ஆறு மாதக் குழந்தைக்குக் குமட்டலைத் தூண்டும் இடம் நாக்கில் நம்மைவிட முன்னால் இருக்கிறது. அதனால் துண்டு தொண்டைக்குப் போவதற்கு வெகு முன்பே உடம்பு அதை வெளியே தள்ளப் பார்க்கும். சத்தம் வரும், இருமல் வரும், முகம் சிவக்கும். அப்போது நாம் செய்ய வேண்டியது கையைக் கட்டிக்கொண்டு, குழந்தை முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது. விரலை விட்டால் முன்னே வருகிற துண்டு பின்னே போய் அடைக்கும். பயப்பட வேண்டியது சத்தம் நின்றால். அழவும் முடியாமல், இருமவும் முடியாமல், உதடு நீலம் பாய்ந்தால் அது மூச்சடைப்பு. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையைத் தலை தாழ இருக்குமாறு முன்னங்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 முறை தட்ட வேண்டும். வரவில்லையா, மல்லாக்கத் திருப்பி நெஞ்சின் நடுவில் 5 முறை அழுத்த வேண்டும். துண்டு வரும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். பெரியவர்களுக்குச் செய்வதுபோல் வயிற்றை அழுத்தக் கூடாது. இதைப் படித்து மட்டும் பழக முடியாது. தடுப்பூசிக்குப் போகும்போது நர்ஸிடம் ஒரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள். ஆயாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இந்த முறைக்கு ஆங்கிலத்தில் பேபி லெட் வீனிங் என்று பெயர். கூழாக்கி ஊட்டாமல், கையில் பிடிக்கிற மாதிரி மெத்தென்ற உணவை வைத்து, எதை எடுப்பது, எவ்வளவு சாப்பிடுவது என்பதைக் குழந்தையிடமே விட்டுவிடுவது. பிரிட்டனில் ஜில் ராப்லி என்ற சுகாதாரப் பணியாளர் பரப்பிய பெயர். கை குழந்தையுடையது. ஆனால் தட்டில் என்ன இருக்கிறது, எப்படி உட்கார்ந்திருக்கிறது, யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது மூன்றும் நம்முடையவை. என் கண்ணில் பட்ட தவறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் சேர்த்துக் குழந்தை தலையில் கட்டியதால் வந்தவைதான்.

பெயராலேயே ஒரு குழப்பம். 'வீனிங்' என்றதும் பால் மறக்கடிப்பது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். என் எதிர்வீட்டு அக்கா சோறு ஆரம்பித்த வாரமே பகல் பாலை நிறுத்திவிட்டார். பசியோடு அழும் குழந்தைக்குக் கேரட்டைப் பிடித்துச் சப்பிப் பழகப் பொறுமை எங்கிருந்து வரும்? முதலில் பால். அரை மணி, ஒரு மணி கழித்து, தூக்கமும் பசியும் இல்லாத நேரத்தில் தட்டு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு மற்ற உணவோடு இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால்.

நாலாம் மாதத்திலேயே 'வாயைப் பார்க்குது, ஆசையா கேக்குது' என்று தொடங்குவதும் நம் பக்கம் சகஜம். வாயைப் பார்ப்பது மட்டும் அடையாளம் இல்லை. கழுத்து நிற்க வேண்டும், லேசாகப் பிடித்தால் நேராக உட்கார வேண்டும், பொருளை எடுத்து வாய்க்குக் கொண்டுபோக வேண்டும், வாயில் வைத்ததை நாக்கு தானாக வெளியே தள்ளுவது குறைந்திருக்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை ஏறாத குழந்தை, உடம்பு தளர்வாக இருக்கும் குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்காதீர்கள்.

உட்கார வைக்க ஆயிரக்கணக்கில் செலவழித்து நாற்காலி வாங்க வேண்டியதில்லை. ஹவுசிங் போர்டு வீட்டில் அதைப் போட இடமும் கிடையாது. தரையில் சம்மணம் போட்டு, முதுகு நேராக இருக்கும்படி மடியில் உட்காரவைத்தால் போதும். சாய்த்துப் படுக்கவைத்துக் கொடுப்பதும், வாக்கரில் ஓடவிட்டுக் கொடுப்பதும்தான் ஆபத்து. திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு பழக்கம் உண்டு, நிலாவுக்குப் பதில் கண்டெய்னர் லாரி காட்டி ஊட்டுவது. லாரியைப் பார்த்து வாய் பிளக்கும் குழந்தைக்கு வாயில் என்ன இருக்கிறது என்பதே தெரியாது. செல்போனும் அதே கணக்குதான்.

இனி தட்டு. இங்கேதான் அதிகம் சறுக்குகிறோம்.

படங்களில் பார்த்துவிட்டு அவகாடோவுக்கும் பிராக்கோலிக்கும் அலைவது ஒரு வகை. மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேடு பக்கத்தில் இருந்துகொண்டு மீனை மறப்பது அதைவிடப் பெரிய வேடிக்கை. தாய்ப்பாலில் இரும்புச்சத்து குறைவு. பிறக்கும்போது கொண்டுவந்த சேமிப்பு ஆறு மாத வாக்கில் தீரத் தொடங்கும். 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 6 மாதம் முதல் 59 மாதம் வரையிலான குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு ரத்தசோகை இருந்தது. அதனால் 'ஒரு வயசு வரைக்கும் சாப்பாடு சும்மா விளையாட்டுக்கு' என்ற பேச்சை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். ஆப்பிளும் வெள்ளரியும் கேரட்டுமாகவே தட்டு நிறைந்தால் கை பழகும், ரத்தம் ஊறாது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த முறையையே கொஞ்சம் திருத்தி, ஒவ்வொரு வேளையும் இரும்புச்சத்துள்ள ஓர் உணவு, சக்தி தரும் ஓர் உணவு, அடைக்கக்கூடியது எதுவும் கூடாது என்று பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். அப்படிச் சாப்பிட்ட குழந்தைகளுக்கு, ஸ்பூனில் சாப்பிட்டவர்களைவிட மூச்சடைப்பு அதிகம் வரவில்லை.

நம் வீட்டில் அது என்ன? முழுதாக வெந்த முட்டை ஆம்லெட் விரல் நீளத்தில். நன்றாக வெந்து கையில் நசுங்கும் கோழி ஈரல், வாரம் ஒரு முறை கொஞ்சமாக. அதில் வைட்டமின் ஏ அதிகம் என்பதால் தினமும் வேண்டாம். கொத்துக்கறியும் பருப்பும் சேர்த்துப் பிடித்த மெத்தென்ற உருண்டை. கேழ்வரகு தோசை. சங்கரா, கிழங்கான் மாதிரி மீன் என்றால் நடுமுள்ளை எடுத்துவிட்டு, சதையை உதிர்த்து, விரலால் இரண்டு முறை தடவிப் பார்த்துக் கொடுக்க வேண்டும். பிள்ளை பெற்ற எனக்கு ஆயா ஆசையாகச் செய்து போட்டது பால் சுறா புட்டு. ஆனால் பெரிய மீன்களில் பாதரசம் சேரும், சுறாவில் மிக அதிகம். குழந்தைக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் அது வேண்டாம் என்கிறார்கள். எண்ணூர் கழிமுகத்து மீனையும் நான் பாப்பாவுக்குக் கொடுப்பதில்லை. அனல்மின் நிலையச் சாம்பலும் 2023 டிசம்பரில் பரவிய எண்ணெயும் அந்தத் தண்ணீரில்தான் கலந்தன.

முட்டை, வேர்க்கடலை, மீன் மூன்றையும் அலர்ஜிக்குப் பயந்து ஒரு வயது வரை தள்ளிப்போடுவதும் பழைய பழக்கம்தான். வேர்க்கடலையைச் சீக்கிரம் தொடங்குவது அலர்ஜியைக் குறைக்கிறது என்று 2015-இல் வெளியான லண்டன் ஆய்வு காட்டியது. நைசாக அரைத்து, கஞ்சியில் கரைத்து, புதியது ஒவ்வொன்றையும் தனித்தனி நாளில், பகலில் கொடுத்துப் பாருங்கள். கடுமையான கரப்பான் உள்ள குழந்தை என்றால் முதலில் டாக்டர். முழுக் கடலை மட்டும் எக்காரணத்துக்கும் வேண்டாம்.

அடைக்கும் சாமான்களின் பட்டியல் நம் வீட்டிலேயே நீளமாக இருக்கிறது: முழுத் திராட்சை, பச்சைக் கேரட், ஆப்பிள் துண்டு, பொட்டுக்கடலை, முறுக்கு, சப்போட்டாக் கொட்டை, சீத்தாப்பழக் கொட்டை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும். நசுங்காதது தட்டுக்கு வரக் கூடாது. ஆறு மாதக் குழந்தை உள்ளங்கையால்தான் பிடிக்கும் என்பதால் துண்டு விரல் நீளம் இருந்தால்தான் பிடிக்கு மேலே தலை நீட்டும். சின்னதாக நறுக்கினால் பத்திரம் என்று நினைத்தது என் முதல் வாரத் தவறு. உள்ளங்கைக்குள் போன துண்டு வெளியே வரத் தெரியாமல் பாப்பா கத்தினாள்.

உப்பு, சர்க்கரை, வெல்லம் ஒரு வயது வரை சேர்க்கத் தேவையில்லை. அதற்குத் தனியாகச் சமைக்கவும் வேண்டாம். இட்லி மாவில் உப்புப் போடும் முன் ஒரு கரண்டி, சாம்பாரில் மிளகாய்த்தூள் விழும் முன் ஒரு கரண்டி, அவ்வளவுதான். தேன் அறவே கூடாது, நாக்கில் தடவுவதுகூட. அதில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் குழந்தையின் குடலில் விஷத்தை உண்டாக்கும். டீயில் நனைத்த பொறை ரொட்டி வேறு! தாத்தா காலையில் டீக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் நடப்பது இதுதான். சர்க்கரை ஒரு பக்கம், இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாத டீ இன்னொரு பக்கம். பருப்புத் தண்ணியும் சாதக் கஞ்சித் தண்ணியும் அந்தச் சின்ன வயிற்றை ரொப்பும், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பருப்பைக் கெட்டியாக மசித்து நெய் விட்டுக் கொடுங்கள்.

மசித்ததை ஸ்பூனில் கொடுத்தால் முறை கெட்டுவிடும் என்று சிலர் பிடிவாதம் பிடிக்கிறார்கள். எனக்கு அந்த வைராக்கியம் இல்லை. அவள் கையில் ஒரு ஸ்பூன், என் கையில் ஒன்று. வாயைத் திருப்பினால் நான் நிறுத்திவிடுவேன். சுகாதார நிலையத்தில் தருகிற இரும்புச்சத்து சிரப்பும், வாரம் 2 முறை, 1 மி.லி., தொடர்கிறது. உணவு தொடங்கியதும் தண்ணீர், சின்ன டம்ளரில் ஒரு வாய், இரண்டு வாய். லாரித் தண்ணியோ கேன் தண்ணியோ, காய்ச்சி ஆற வைத்ததுதான்.

ஒன்பதாம் மாதம் தொடங்கியதும் விரல் நீளத் துண்டையே கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பொறுக்கக் கற்றுக்கொள்ளும் காலம் அது, பட்டாணி அளவில் நசுங்குகிற துண்டு கொடுக்கலாம். எங்கள் வீட்டில் அது தெரியவந்த விதமே வேறு. தட்டில் இட்லி அப்படியே இருக்க, பாப்பா பாயின் ஓரத்தில் குனிந்து, முந்தின நாள் ஆயா நொறுக்கிய பொட்டுக்கடலையில் ஒன்றைப் பொறுக்கி எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்க்குப் போகும் முன் பிடுங்கிவிட்டேன். இப்போதெல்லாம் ஆயாதான் முதலில் பாயை உதறி, தரையைப் பெருக்கி, "ஆங், இப்போ குந்த வை" என்கிறார். அதன் பிறகுதான் தட்டு வரும்.