பைக்குக்கு மாற்று பேட்டரி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் ஓர் இளைஞர் புதுப் பேட்டரி ஒன்றைக் கையோடு வாங்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். ஓராண்டுக்குள் அவர் வாங்கியிருக்கும் மூன்றாவது பேட்டரி அது. "செல்ஃப் எடுக்கல அண்ணே, இதை மட்டும் மாட்டிக் குடுங்க" என்றார். முந்தைய இரண்டும் ஏன் போயின என்று கேட்டதற்கு, பேட்டரி மட்டமானது என்ற ஒரு பதில்தான் அவரிடம் இருந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எவருக்கும் தெரிந்த எச்சரிக்கைகளை விட்டுவிட்டு, வண்டியை அக்கறையோடு வைத்திருப்பவர்களும் செய்துவிடுகிற, பணத்தை விழுங்குகிற தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பழைய பேட்டரி ஏன் போனது என்று பார்க்காமல் புதியதை வாங்குவது

இந்தத் தவறைப் பார்க்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது; ஏனென்றால் ஐந்து நிமிடச் சோதனையில் இதைத் தவிர்த்துவிடலாம். என் சொந்த வண்டியில் முதல் பேட்டரி சில ஆண்டுகள் உழைத்தது. அடுத்தது நான்கே மாதத்தில் படுத்துவிட்டது. கடைக்காரரிடம் வாரண்டி கேட்டுச் சண்டை போட்டேன். அவர் மனம் கசந்துதான் மாற்றிக் கொடுத்தார். அதுவும் நான்கு மாதம்தான் வந்தது. கடைசியில் மூத்த எலெக்ட்ரீஷியன் ஒருவர் எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரியின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தார். ஆக்ஸிலரேட்டரை முறுக்க முறுக்க வோல்டேஜ் ஏற வேண்டும். ஆனால் மீட்டர் 12.3-ஐ விட்டு அசையவில்லை. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, எஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் ஸ்டேட்டர் காயிலிலிருந்து, வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டருக்குப் போகும் மூன்று மஞ்சள் ஒயர்கள் சேருகிற வெள்ளைக் கப்ளரை அவர் பிரித்துக் காட்டினார். நடுப் பின் மட்டும் கருத்திருந்தது. அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி, உருகி, பின்னோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பின் தளர்ந்ததால் அந்த இடம் சூடேறி, சூடேறியதால் மேலும் தளர்ந்து, பேட்டரிக்குப் போக வேண்டிய கரண்ட் அங்கேயே வெப்பமாகிக்கொண்டிருந்தது. ரெகுலேட்டரில் குறையில்லை, காயிலில் குறையில்லை, நான் ஏசிய அந்தக் கடைக்காரர் விற்ற பேட்டரியிலும் குறையில்லை. பழுதைச் சரிசெய்ய ஒரு கப்ளரும் மூன்று பின்களுமே போதுமானதாக இருந்தன.

ஆகவே கடைக்குப் போகும் முன் சில அளவுகளை எடுத்துவிடுங்கள். முதலில், வண்டி இரவு முழுவதும் நின்ற பிறகு, சாவி போடாமல் பேட்டரியின் வோல்டேஜைப் பாருங்கள். லெட் ஆசிட் பேட்டரியில் 12.6-க்கு மேல் இருந்தால் அது நிறைந்திருக்கிறது; 12.2 அளவில் இருந்தால் ஏறக்குறைய பாதிதான் மிச்சம். முழுதாகச் சார்ஜ் செய்து ஒரு நாள் தனியே வைத்த பிறகும் 10.5 அளவிலேயே நின்றால், உள்ளே இருக்கும் ஆறு செல்களில் ஒன்று போய்விட்டது என்று பொருள்; அப்போது புதிய பேட்டரி தேவைதான். அடுத்து, சார்ஜ் உள்ள ஒரு பேட்டரியோடு எஞ்சினை ஓடவிட்டு, 4000 முதல் 5000 ஆர்.பி.எம். வரை ஏற்றிப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 13.8-க்கும் 14.5-க்கும் இடையே காட்ட வேண்டும். உங்கள் வண்டிக்குரிய சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். 13-ஐத் தொடவில்லை என்றால் கப்ளர், காயில், ரெகுலேட்டர் என்ற வரிசையில் தேடுங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. அது பேட்டரியைக் கொதிக்கவைத்து, தண்ணீரை வற்றவைத்து, பக்கங்களை உப்பச் செய்யும். ஹெட்லைட் பல்பு அடிக்கடி போவதும், சீட்டைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை அடிப்பதும் இதே நோயின் அறிகுறிகள். இறந்த பேட்டரியை வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், அது வோல்டேஜைக் கீழே இழுத்து உங்களைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும்.

சார்ஜிங் சரியாக இருந்தும் நிறுத்திவைத்த வண்டியில் பேட்டரி இறங்குகிறதென்றால், கரண்ட் எங்கோ கசிகிறது. சாவியை எடுத்துவிட்டு, மைனஸ் கேபிளைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளையில் செருகி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். மீட்டர் அப்படி இருக்கும்போது செல்ஃபை அழுத்தக் கூடாது. சில மில்லி ஆம்பியர் காட்டுவது இயல்பு. 50 மில்லி ஆம்பியர் காட்டினால், 8 ஏ.எச். (ஆம்பியர் ஹவர், அதாவது கொள்ளளவு) பேட்டரி 160 மணி நேரத்தில், அதாவது ஒரு வாரத்துக்குள், முற்றிலும் காலியாகிவிடும். வண்டி வாங்கிய பிறகு பொருத்திய அலாரம், டிராக்கர், நேரடியாகப் பேட்டரியில் கொடுத்த மொபைல் சார்ஜர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் திருடன் அகப்பட்டுவிடுவான். தொடக்கத்தில் சொன்ன இளைஞரின் வண்டியில் அகப்பட்டது ஓர் அலாரம்தான்.

மாடல் எண்ணை ஏ.எச். என்று படிப்பது

ஒய்.டி.எக்ஸ்.9-பி.எஸ். என்றிருந்தால் அது 9 ஏ.எச். பேட்டரி என்றே பலரும் நினைக்கிறார்கள். அதன் கொள்ளளவு 8 ஏ.எச்.; ஒய்.டி.எக்ஸ்.14-பி.எஸ். என்பது 12 ஏ.எச்.; ஒய்.டி.எக்ஸ்.5எல்-பி.எஸ். என்பது 4 ஏ.எச். மாடல் எண்ணை மாடல் எண்ணாகவும், லேபிளில் தனியே அச்சிட்ட ஏ.எச்.-ஐ ஏ.எச்.-ஆகவும் படிக்க வேண்டும்.

அந்த 'எல்' என்ற ஒற்றை எழுத்து இன்னும் முக்கியமானது. டெர்மினல்கள் உங்கள் பக்கம் இருக்கும்படி பேட்டரியை வைத்தால், பிளஸ் வலப்புறம் வரும் என்பதை அது குறிக்கிறது. அளவு ஒன்றாகவே இருந்து, முனைகள் மட்டும் இடம் மாறிய பேட்டரியை வாங்கிவிட்டு, கேபிளை இழுத்து வளைத்து எட்டவைக்கிறார்கள். இழுபட்ட பிளஸ் கேபிள் சேஸிஸில் உரசி, உறை தேய்ந்து, ஒருநாள் ஷார்ட் ஆகும். பழக்கத்தில் பக்கத்தை மட்டும் பார்த்து மாட்டினால் துருவமே மாறிவிடும். பியூஸோடு போனால் நல்லது, ரெகுலேட்டரின் டயோடுகளோ எஞ்சினின் கண்ட்ரோல் யூனிட்டோ போனால் பேட்டரியின் விலையெல்லாம் ஒன்றுமே இல்லை.

உயரத்தைப் பார்க்காமல் பெரியதை வாங்குவது

ஏ.எச். சற்றுக் கூடுவதால் சார்ஜிங்குக்குத் தீங்கில்லை. ஆனால் ஒய்.டி.எக்ஸ்.9-பி.எஸ்., ஒய்.டி.எக்ஸ்.12-பி.எஸ்., ஒய்.டி.எக்ஸ்.14-பி.எஸ். ஆகிய மூன்றும் நீளத்தில் 150 மி.மீ., அகலத்தில் 87 மி.மீ. என ஒன்றாகவே இருக்க, உயரம் மட்டும் 105, 130, 145 என ஏறிக்கொண்டே போகும். தட்டில் அழகாக உட்காரும். சீட்டை மூடி ஒருவர் ஏறி அமர்ந்தால் சீட்டின் அடித்தகடு டெர்மினலைத் தொடும். சிறியதை வாங்கி, ஆட்டம் காணும்படி விடுவதும் தவறுதான். அதிர்வு உள்ளே இருக்கும் தகடுகளை உதிர்த்துவிடும்.

சி.சி.ஏ.-ஐப் பார்க்காதது

சி.சி.ஏ. என்பது கோல்ட் கிராங்கிங் ஆம்ப்ஸ்; பெரிய எஞ்சினுக்கு ஏ.எச்.-ஐவிட இதுதான் பேசும். மைனஸ் 18 டிகிரிக் குளிரில், 30 விநாடிகள், 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் எத்தனை ஆம்பியர் தர முடியும் என்பதே இந்த எண். பழைய பேட்டரியில் இருந்ததற்குக் குறைந்ததை வாங்காதீர்கள்.

ஆசிட் ஊற்றிய கையோடு மாட்டுவது

பி.எஸ். என்று முடியும் பேட்டரிகளுடன் ஆசிட் தனிப் புட்டியில் வரும். "ஓட ஓடச் சார்ஜ் ஏறிக்கும்" என்று சொல்லி, ஊற்றிப் பத்து நிமிடத்தில் மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். ஊற்றியவுடன் பேட்டரி செல்ஃபைச் சுற்றுவது உண்மைதான். ஆனால் அது நிறைந்திருக்காது. முதல் சார்ஜ் ஒழுங்காகக் கிடைக்காத பேட்டரி, பிறகு எவ்வளவு ஓட்டினாலும் தன் முழுக் கொள்ளளவை எட்டாமலே போகக்கூடும். ஆசிட் தகடுகளில் ஊற ஒரு மணி நேரமாவது விட்டு, ஏ.எச்.-இல் பத்தில் ஒரு பங்கு கரண்டில், அதாவது 8 ஏ.எச். என்றால் 0.8 ஆம்பியரில், பல மணி நேரம் பொறுமையாகச் சார்ஜ் செய்ய வேண்டும். அதனால் பேட்டரியை மாலையில் வாங்கி, மறுநாள் மாட்டுங்கள். மேல் மூடியை அழுத்தி அடைத்த பிறகு, தண்ணீர் ஊற்றலாம் என்று அதை மீண்டும் நெம்பாதீர்கள்.

தயாரிப்புத் தேதியைக் கேட்காதது

ஆசிட் நிரப்பி அலமாரியில் ஓராண்டு கிடந்தது புதுப் பேட்டரி அல்ல.

வென்ட் குழாயை மறப்பது

தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரியின் மெல்லிய குழாயை மாட்டாமல் விட்டாலோ, மடிந்து அடைபட விட்டாலோ, ஆசிட் செயினிலும் சேஸிஸிலும் வழிந்து பெயிண்டைத் தின்றுவிடும்.

எடை குறைவு என்பதற்காக மட்டும் லித்தியத்துக்கு மாறுவது

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி நல்ல பொருள். எடை வெகுவாகக் குறையும், நிறுத்திவைத்தால் தானே இறங்குவதும் குறைவு. ஆனால் லேபிளில் பெரிதாக இருக்கும் ஏ.எச். பெரும்பாலும் லெட் ஆசிட்டுக்குச் 'சமமான' என்ற சொல்லோடு வருவது. உண்மையான கொள்ளளவு அதைவிடச் சிறியது, ஆகவே அலாரக் கசிவு அதை விரைவில் காலி செய்துவிடும். 14.6 வோல்ட்டுக்கு மேல் போகும் சார்ஜிங்கை அது தாங்காது. பழைய லெட் ஆசிட் சார்ஜரில், தகடுகளில் படிந்த சல்பேட்டை நீக்கும் மோடு இருந்தால், அதன் உயர்ந்த வோல்டேஜ் இந்தப் பேட்டரியைக் கெடுத்துவிடும். ரெகுலேட்டரைச் சோதிக்காத வண்டிக்கு இதை வாங்க வேண்டாம் என்றே வருபவர்களிடம் சொல்கிறேன்.

பிளஸ்ஸை முதலில் கழற்றுவது

மைனஸை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள்.

மாட்டி முடித்த பிறகு எஞ்சினை ஓடவிட்டு, சார்ஜிங் வோல்டேஜை மீண்டும் ஒருமுறை எடுத்து, மாட்டிய தேதியோடு சேர்த்து ஒரு துண்டு டேப்பில் எழுதிப் பேட்டரியின் மேலேயே ஒட்டிவிடுகிறேன். அந்த இளைஞரின் பேட்டரியில் ஒட்டிய டேப்பில் 14.2 என்று எழுதியிருக்கிறது. அலாரத்தைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.